பொலி சொல்லும் வீடு

லிந்துலைக் கடைத்தெருவில் இந்தச் சம்பவத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டு மருமகள் காலில் தோட்டத்துச் சின்னதுரை விழுந்தார் என்று ஒரு கதை. அவள் மந்திரம் போட்டுத் துரையின் வாயைக் கட்டினாள் என்று இன்னொரு கதை. வேலை போய்விடுமென்று பயந்து சோலைமலைக் கங்காணி கும்பிட்டு மன்னிப்புக் கேட்டான் என்றும் ஒரு கதை உண்டு. மற்ற கதைகளைச் சிரித்துவிட்டு விடலாம். கடைசிக் கதையை விட முடியாது. சோலைமலை என்கிற அந்தக் கங்காணி நான்தான். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூங்கில்கொல்லைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீடு பொலி சொல்லும் வீடு. கொழுந்து மலையை அறியாதவர்களுக்கு இது என்னவென்று தெரியாது. காலையில் பெரட்டுக் களத்தில் வேலை பிரித்து அனுப்பியதும் பெண்கள் மலையேறி, அவரவர் நிரையின் தலைப்பில் நிற்பார்கள். நின்றவுடன் செடியில் கை வைத்துவிட மாட்டார்கள். ஒருத்தி முதலில் குரல் எடுத்து ஓர் அடி பாடி, "பொலியோ பொலி!" என்று முடிக்க வேண்டும். மற்றவர்கள் "பொலி! பொலி!" என்று பதில் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் முதல் கொழுந்து கிள்ளப்படும். பெருகு, நிறை, தழை என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். கூடை நிறைவதும், வெட்டிய செடி துளிர்ப்பதும், பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவந்த குழந்தை வளர்வதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம்.

எங்கள் தோட்டத்தில் அந்த முதல் குரல் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு உரியது. என் தாயாருக்குப் பிறகு என் மனைவி வீரம்மா சொன்னாள். நாற்பத்தெட்டில் இலங்கை அரசாங்கம் சட்டம் போட்டு, நாங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்றார்கள். பிறகு ஓட்டும் போயிற்று. அந்தச் சேதி வந்த அன்று நாங்கள் குடியிருக்கும் லயமெல்லாம் இழவு வீடு மாதிரிக் கிடந்தது. மறுநாள் காலை வீரம்மா வழக்கம்போல மலையில் நின்று பொலி சொன்னாள். "அவுங்க நம்மள எழுதாட்டிப் போகட்டும். செடிக்கு நம்மளத் தெரியும்" என்றாள். இப்படிச் சொன்ன பெண்ணின் கணவன் நான். யார் முன்னாலும் நான் குனிந்து நின்றதில்லை என்றால் அதற்கு அவளும் ஒரு காரணம்.

வீரம்மா காலமான பிறகு உரிமை மருமகள் பூரணிக்கு வந்தது. அவள் அட்டன் பக்கத்துப் பெண். என் மகன் செல்லசாமி, ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். பூரணி முதன்முதலாகப் பொலி சொன்ன அன்று எல்லோரும் பழைய அடியை எதிர்பார்த்து நின்றார்கள். என் தாயாரும் மனைவியும் ஒரே அடியைத்தான் ஆயுள் முழுக்கப் பாடினார்கள். பூரணி செடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கண்ணை மூடவில்லை. வாயையும் திறக்கவில்லை. நான் இருமிக் காட்டினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு பாடினாள்:

"பனிமூட்டம் போனவழி
பாதையொண்ணு தெரியுதம்மா
கூனிநிக்கும் கொழுந்துக்கெல்லாம்
கொடையாக வெயில்வருது
பொலியோ பொலி!"

யாரும் கேட்டிராத அடி. பதில் குரல் தயங்கித்தான் வந்தது. பக்கத்து நிரையில் நின்ற ராக்காயிக்கு நாக்கு எப்போதும் சும்மா இருக்காது.

"என்னா கங்காணி, ஒங்க வீட்டுப் பொலியும் புதுச்சேல கட்டிக்கிட்டு வருதே! பழைய சோறு எறங்காதாக்கும் மருமகளுக்கு?"

பெண்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அன்று சாயங்காலம் பூரணியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அத்தை பாடுன அடி இருக்கே பூரணி. அத ஏன் விட்ட?"

"விடலைங்க மாமா. பொலிங்கிறது அவுங்க குடுத்தது. அது அப்பிடியேதான் இருக்கு. அதுக்கு முன்னால வர்றது அவுங்க கண்ணு பாத்தது. நான் பாக்காதத நான் பாடுனா சாமிக்கிட்டப் பொய் சொன்ன மாதிரி ஆயிரும்ல?"

"தெனமும் புதுசா எங்கருந்து எடுப்ப?"

"எடுக்கிறது இல்லைங்க. சும்மா இருந்தா அதுவா வரும்."

அடுப்படியில் குளிர்காய்ந்துகொண்டிருந்த செல்லசாமி சிரித்தான். "அப்ப சும்மா இருக்கிறதுதான் இவ வேலை. நல்ல வேலைப்பா."

"ஒங்களால ஒரு நாழி சும்மா இருக்க முடியுமா? பேச்சு இல்லாட்டி பீடியாச்சும் கேக்கும் ஒங்க வாயி" என்று அவள் திருப்பிக் கொடுத்தாள்.

அவள் சொன்ன நியாயம் எனக்குப் பிடித்தது. ஆனாலும் வீட்டின் பெயர் அல்லவா? அவளைக் கவனித்து வந்தேன். லயத்திலிருந்து மலைக்குப் போகும் வழியெல்லாம் மற்ற பெண்கள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போவார்கள். இவள் ஒரு வார்த்தை பேச மாட்டாள். கர்வம் என்று சிலர் சொன்னார்கள். கர்வம் இல்லை. முன்னால் போகிறவளின் நடை, பின்னால் வருகிறவளின் இருமல், பள்ளத்தில் தண்ணீர் விழும் சத்தம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டே போவாள். மலைத் தலைப்பில் கொழுந்துச்சாமி என்று நாங்கள் கும்பிடும் ஒரு கல் இருக்கிறது. அதன் முன் கொஞ்ச நேரம் நிற்பாள். எதுவும் கேட்க மாட்டாள். பிறகு செடியில் உள்ளங்கை. பிறகு அன்றைய அடி.

ஒருநாள் வேலாயி என்ற பெண் தலைத்துணியைக் கூடச் சரியாகக் கட்டாமல் வேலைக்கு வந்தாள். இந்தியாவில் அவளுடைய தாய் செத்துப்போன சேதி முதல் நாள்தான் வந்திருந்தது. காரியம் எல்லாம் முடிந்து வெகு நாளாகியிருந்தது. வேலாயி அதை யாரிடமும் சொல்லவில்லை. அழவும் இல்லை. பூரணி அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று அவள் பாடியது:

"கடல்தாண்டிப் போகாத
கையி ரெண்டும் வாடுதம்மா
பெத்தவளத் தொடாத கை
பச்சையத்தான் தேடுதம்மா
பொலியோ பொலி!"

வேலாயி செடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெண்கள் நிரையை விட்டு வந்து அவளைச் சுற்றி நின்றார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்துதான் பதில் கொடுத்தார்கள். வேலாயியின் குரலும் அதில் இருந்தது. "யாரு சொன்னா ஒனக்கு?" என்று ராக்காயி கேட்டாள். "யாரும் சொல்லலையே. இந்தியாவுல தாய மட்டும் வச்சிருக்கவளுக்கு நேத்துத் தபால் வந்துச்சு. எதையோ தொடணும்னு தவிச்ச கை அது" என்றாள் பூரணி. அதற்குப் பிறகு ராக்காயி உலகத்தில் எல்லாவற்றையும் கேலி செய்தாள், எங்கள் வீட்டுப் பொலியைத் தவிர.

இப்படி இருக்கும்போது, அறுபத்திரண்டாம் வருஷம் புதுச் சின்னதுரை ஒருவர் வந்தார், பெரியதுரைக்கு அடுத்த அதிகாரி. சிங்களவர், சிறு வயது. கொழும்பிலிருந்து நேராக வந்தவர். மலைத் தமிழ் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒருநாள் காலை மோட்டார் சைக்கிளைக் கீழ் ரோட்டில் நிறுத்திவிட்டு எங்கள் பொலியைக் கேட்டார். முகம் கறுத்துப் போயிற்று. மறுநாளும் கேட்டார். அவர் காதில் விழுந்தது வேறு சொல் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

கண்டாக்கு துரைராசா என்னை ஆபீசுக்கு அழைத்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மேற்பார்வை உத்தியோகம். நல்ல மனிதர்தான், ஆனால் துரைமார் என்றால் நிழலுக்கும் பயப்படுவார்.

"கங்காணி, சின்னதுரை சொல்லிப்போட்டார். இனி மலையில கோஷம் போடக் கூடாதாம்."

"கோஷமா? என்னா கோஷம்?"

"அந்தப் பொலிதான். யூனியன்காரர் பழக்கிவிட்ட கோஷம் எண்டு நினைக்கிறார் போல."

"அது சாமி வார்த்தைங்க ஐயா. யூனியன் பொறக்கிறதுக்கு முன்னாலயே எங்கம்மா சொன்னது. நீங்க எடுத்துச் சொல்றதுதானே?"

"நான் என்னண்டு சொல்லுறது? அந்த மனுசன் கேட்கிற ஆளில்லை. கொஞ்ச நாளைக்கு வாயை மூடிக்கொண்டு இருங்கோவன்."

"வாய மூடுனா கையும் மூடிக்கும் ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த காலை பெருநாள். கவ்வாத்து வெட்டி மொட்டையாகக் கிடந்த மேல்மலை மறுபடி துளிர்த்து, முதன்முதலாகக் கொழுந்துக்குத் திறக்கும் நாள். அன்றைய பொலி மற்ற நாள் பொலி மாதிரி அல்ல. செடிக்கு அது மறுபிறப்பு. கல்லுக்கு மஞ்சள் பூசி, சூடம் கொளுத்தி, பெண்கள் நிரை பிடித்து நின்றார்கள். நான் கோட்டும் தலைப்பாகையும் அணிந்து நின்றேன். பூரணி செடியில் கை வைத்தாள்.

அப்போதுதான் சின்னதுரை மேடேறி வந்தார். காக்கி அரைக்காற்சட்டை, முழங்கால் வரை வெள்ளை மேசு. காலுறையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மூச்சு வாங்க, பின்னாலேயே துரைராசாவும் வந்தார். பூரணி இன்னும் வாய் திறக்கவில்லை. நின்றிருந்த பெண்களைப் பார்த்துச் சின்னதுரை சிங்களத்தில் கத்தினார்.

"மொன பொலியத? பொலியக் நே! மெஹே பொலியக் நே!"

'நே' என்றால் இல்லை. மலையில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். 'என்ன பொலி? இங்கே பொலி இல்லை' என்றுதான் எங்கள் காதில் விழுந்தது. துளிர்த்து நிற்கும் மலையைப் பார்த்துப் பொலி இல்லை என்று சொல்வது தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்துச் சொல்லக் கூடாததைச் சொல்வது போன்றது. ராக்காயியின் கூடை கீழே விழுந்தது.

"அடப்பாவி மனுசா! பச்ச மலையப் பாத்து இப்பிடியா சொல்லுவ?"

பெண்கள் எல்லோரும் செடியிலிருந்து கையை எடுத்துப் பின்வாங்கினார்கள். யாரும் திட்டமிடவில்லை. தீட்டுப் பட்ட இடத்திலிருந்து விலகுவது மாதிரி விலகினார்கள். ஆனால் சின்னதுரைக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்?

"ஸ்ட்ரைக்! ஸ்ட்ரைக்!" என்றார். தலைவர் யார் என்று கேட்டார்.

நான் முன்னால் வந்து நின்றேன். துரைராசா என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "கங்காணி, ஒரு மன்னிப்புக் கேட்டுப்போட்டு வேலையைத் தொடங்கச் சொல்லும். இல்லாட்டி உம்மட பேரை வெட்டிப்போடுவார். உம்மட மருமகளையும் வெட்டிப்போடுவார். லயத்தை விட்டு எங்க போவியள்?"

அவர் சொன்னது பொய்யில்லை. பெயர் வெட்டினால் வேலையும் லயத்துக் காம்பராவும் ஒன்றாகப் போகும். இந்த நாட்டில் எங்களுக்கு வேறு கூரை இல்லை.

"கண்டாக்கையா, மலையப் பாத்து பொலி இல்லேன்னு சொன்னது நாங்க இல்லைங்க. சொன்ன வாயே மாத்திச் சொல்லட்டும். பேர வெட்டுறதுன்னா வெட்டட்டும். பொலி இல்லாத மலையில எங்க வீட்டுப் பொம்பளைங்க கொழுந்து கிள்ள மாட்டாங்க. இத அப்பிடியே சொல்லுங்க. கூட்டாதீங்க, கொறைக்காதீங்க."

துரைராசா செருமிக்கொண்டு துரையின் பக்கம் திரும்பினார். அந்த நேரத்தில் பூரணி மறுபடி செடிமேல் கையை வைத்தாள். வேலைக்குப் பயந்து கொழுந்தைக் கிள்ளிவிடுவாளோ என்று நினைத்தேன். கிள்ளியிருந்தால் என் தாயார் பெயரும் வீரம்மா பெயரும் அந்த மேட்டிலேயே புதைந்திருக்கும். அவள் கிள்ளவில்லை. சின்னதுரையைப் பார்த்தாள். கோபம் இல்லை, பயம் இல்லை. தலை முதல் கால் வரை, ஒரு செடியைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தாள். அவர் கத்துவதை நிறுத்திவிட்டார். யாரும் அவரை அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். பூரணி குரல் எடுத்தாள்:

"வெள்ளைமேசு செவந்திருக்க
வெரசாக ஏறிவந்தார்
அட்டைக்கும் பசியாற
ஆசையாக் காலுதந்தார்
வாய்தவறி வந்தசொல்லு
வழியோட போகட்டும்
வந்தவுக குலமும் தாயே
பொலியோ பொலி!"

எல்லோர் கண்ணும் துரையின் காலுக்குப் போயிற்று. வெள்ளை மேசில் பெரிய சிவப்புத் திட்டு. அதன் நடுவில் திராட்சைப் பழம்போல ஓர் அட்டை, வயிறு முட்டத் தொங்கிக்கொண்டிருந்தது. முதலில் வேலாயிதான் சிரித்தாள். பிறகு மலையே சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாகப் பதில் குரல் வந்தது. "பொலி! பொலி!" அவ்வளவு பெரிய பதில் குரலை அந்த மேல்மலை அதற்கு முன் கேட்டதில்லை.

துரை குனிந்து பார்த்துவிட்டு ஒற்றைக்காலில் துள்ளினார். துரைராசா சிரிப்பை அடக்க முடியாமல் கைலேஞ்சித் துணியை வாயில் வைத்துக்கொண்டார். வேலாயி வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு எடுத்து ராக்காயியிடம் கொடுத்தாள். ராக்காயி போய், "ஆட்டாதீங்க தொர காலை" என்று அதட்டி, அட்டையின் தலையில் சுண்ணாம்பைத் தடவினாள். அட்டை சுருண்டு விழுந்தது.

பூரணி என்ன பாடினாள் என்று துரை கேட்டார். துரைராசா சிங்களத்தில் சொன்னார். கடைத்தெருவில் பேசிப் பழகிய சிங்களம் எனக்கு உண்டு. ஆகவே காது கொடுத்துக் கேட்டேன். பயந்த மனிதர் அன்று நன்றாகவே சொன்னார்.

"எங்கட ஊரிலயும் களத்தில மாடு விட்டு நெல்லுச் சூடு மிதிக்கேக்க பொலி பொலி எண்டுதான் சொல்லுறவை" என்று எங்களிடமும் தமிழில் ஒரு தரம் சொன்னார். இத்தனை நாள் அதை ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை.

அப்போதுதான் குழப்பம் வெளிவந்தது. சிங்களத்தில் பொலி என்றால் வட்டி. என் கடைத்தெருச் சிங்களத்தில் அந்தச் சொல் இல்லை; துரைராசாவுக்குப் பயத்தில் அது உறைக்கவில்லை. அந்த மாதம் ஆபீசில், சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் சேமலாப நிதிக்கு வட்டி எப்படிப் போடுவது என்று யூனியன்காரர்களோடு பேச்சு நடந்துகொண்டிருந்தது. தினமும் காலையில் பெண்கள் கூட்டமாக நின்று 'வட்டி! வட்டி!' என்று முழங்குவதாகச் சின்னதுரை நினைத்திருக்கிறார். 'என்ன வட்டி? இங்கே வட்டி இல்லை' என்றுதான் அவர் கத்தியிருக்கிறார்.

துரைராசா பொருளை விளக்கியதும் துரையின் முகம் மேசில் இருந்த திட்டைவிடச் சிவந்தது. "வெடி வெனவா?" என்று கேட்டார். பெருகுவதா என்று பொருள்.

"ஐயையோ, இப்ப வெடி வைக்கப் போறாராம்டி!" என்றாள் ராக்காயி. வெடி என்றால் சிங்களத்தில் அதிகம் என்று தெரிந்தவள்தான். மறுபடியும் ஒரே சிரிப்பு.

வட்டியும் பெருகுவதுதானே, இரண்டும் ஒரே சொல்தான் என்று துரை தனக்குள் சொல்வது மாதிரிச் சொன்னார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது. புத்தியுள்ள பிள்ளை என்று நினைத்தேன். ஆனால் பிடித்ததற்காக விட்டுக்கொடுக்க முடியாது.

"சரி, எல்லாம் முடிஞ்சுதே. தொடங்கச் சொல்லும் கங்காணி" என்றார் துரைராசா.

"முடியலைங்க. அவரு நெனச்சது வட்டி. மலை காதுல விழுந்தது பொலி இல்லேங்கிறது. பூரணி அவருக்கும் சேத்துப் பாடிட்டா. பதில் அவரு குடுக்கணும்."

"துரையையோ பொலி சொல்லச் சொல்லுறீர்?"

"ஆமாங்க. நான் மன்னிப்புக் கேக்கிறதா மாத்திச் சொல்லிறாதீங்க. எனக்கும் சிங்களம் வெளங்கும்."

துரைராசா அதை அப்படியே சிங்களத்தில் சொன்னார். சின்னதுரை என்னைப் பார்த்தார். நான் நிமிர்ந்து நின்றேன். பிறகு பூரணியைப் பார்த்தார். அவள் கை இன்னும் செடிமேல் இருந்தது. அவர் தொப்பியைக் கழற்றினார். மரியாதைக்கா, வியர்வைக்கா என்று தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன். பக்கத்துச் செடியில் அவள் வைத்தது மாதிரியே உள்ளங்கையை வைத்தார். காற்று கொழுந்தை அசைப்பது கேட்டது. பிறகு சொன்னார்.

"போலியோ... போலி."

பொலி அவர் வாயில் போலி ஆகிவிட்டது. ராக்காயி தலைத்துணியை வாயில் திணித்துக்கொண்டாள். ஆனால் பொலிக்குப் பதில் கொடுப்பது எங்கள் பெண்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. யோசிக்காமலே எல்லோரும் கொடுத்தார்கள்.

"பொலி! பொலி!"

பூரணி முதல் கொழுந்தைக் கிள்ளிக் கொழுந்துச்சாமி கல்லின் மேல் வைத்தாள். மேல்மலை திறந்தது.

அன்று இரவுச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது, "பயமா இல்லையா ஒனக்கு? பேர வெட்டியிருந்தா எல்லாரும் ரோட்டுலதான் நின்னுருப்போம்" என்று செல்லசாமி கேட்டான்.

"அவரு காலையே பாத்துக்கிட்டு இருந்தேன். கத்திக்கிட்டே இருக்காரே, கடிக்கிறது தெரியலையே, பாவம்னு தோணுச்சு. அதுல பயப்பட மறந்துட்டேன்" என்றாள் பூரணி. பிறகு என் பக்கம் திரும்பி, "ஏன் மாமா, தொர பொலி சொன்னதால நம்ம உரிமை போயிருமா? அப்பிடின்னு சில பேரு பேசிக்கிறாங்க" என்றாள்.

அவளுக்கு நான் சொன்னதையே லிந்துலைக்காரர்களுக்கும் சொல்கிறேன். அன்று முதல் குரல் எங்கள் வீட்டுக் குரல். துரை கொடுத்தது பதில். யாரும் யார் காலிலும் விழவில்லை. யாரும் கும்பிடவில்லை. மந்திரமும் இல்லை. எங்கள் வீட்டுப் பெண் பார்த்தாள், பார்த்ததைப் பாடினாள்.

சந்தேகம் உள்ளவர்கள் ஒரு காலையில் மேல்மலைக்கு வரலாம். வருகிறவர்கள் அவள் கை செடியில் இருக்கும்போது பேசாமல் நிற்க வேண்டும். காலில் அட்டை ஏறினால் ராக்காயியிடம் இப்போது சுண்ணாம்பு இருக்கிறது.